புகைக்கூடத்தைப் பற்றிய கேள்வி

முப்பத்தொரு வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். பென்ஷன் இல்லாத ஓய்வுதான். ஆனாலும் ஏழு வருடம் ஒரே வேலையைச் செய்து, அந்த வேலைக்குரிய பையையும் பந்துகளையும் கருவியையும் இன்னொருத்தியின் கையில் கொடுத்து, ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் அதற்கு வேறு என்ன பெயர் சொல்வது? தோட்டங்களில் பீடியை விட வைக்கும் எங்கள் திட்டம் முடிந்துவிட்டது. இனி அதைத் தோட்டத்துச் சுகாதாரப் பிரிவே நடத்தும். நான் அடுத்த மாதம் ஒரு பாடசாலைக்கு ஆசிரியையாகப் போகிறேன்.

என் இடத்துக்கு வந்திருப்பவள் கவிதா. கெட்டிக்காரி. பழைய காகிதப் படிவங்களை எல்லாம் டெப் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் போன் எடுத்தாள்.

“அக்கா, இந்த மூணாவது கேள்வி எதுக்கு? மத்தத் தோட்டங்கள்ல இருக்கிற படிவத்துல இது இல்லையே. எடுத்துறவா?”

மூன்றாவது கேள்வி இதுதான்: ‘இன்று அல்லது நேற்று புகைக்கூடத்தில் வேலை செய்தீர்களா?’

எடுக்காதே என்றேன். ஏன் என்று கேட்டாள். போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலாக உயர்தரப் பரீட்சை எழுதியவள் நான். குருவிட்ட பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அப்பா பால் வெட்டினார். அம்மாவும் பால் வெட்டினாள். அப்பாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுத வரும். என் பரீட்சை முடிவு வந்த அன்று அந்தத் தாளைக் கொண்டுபோய், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒவ்வொரு கதவாகக் காட்டினார், வாயில் பீடியோடு. இந்தப் பெருமையை நான் மறைக்கப் போவதில்லை. அதுதான் என்னைப் படிக்க வைத்தது. ஒரு தடவை அது என்னைத் தடுக்கி விழவும் வைத்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

டிப்ளோமா முடித்துச் சில மாதம் இரத்தினபுரியில் பயிற்சி. புகையிலை உடம்பில் என்ன செய்யும், அதை விடுகிறவனுக்கு முதல் வாரத்தில் ஏன் கோபம் வரும், வாலிபோல் விதிகள், முதலுதவி. அவ்வளவுதான். பிறகு யட்டியாந்தோட்டையில் இருந்து கித்துல்கல போகும் பாதையில் இறங்கி, மலையேறிப் போகிற ஒரு ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினார்கள்.

முதல் மூன்று மாதம் நான் செய்தது எல்லாம் வீண். கோவில் மண்டபத்தில் நுரையீரல் படங்களை மாட்டிப் பேசினேன். வந்தவர்கள் எல்லாரும் பெண்கள். ஆண்களில் ஒருவர் மட்டும் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தார்.

“மிஸ், இது ஆட்டு ஈரலா?”

அதற்குப் பிறகு அவரும் வரவில்லை.

என் மேலதிகாரி நஸீர் சேர். மாவனெல்லைக்காரர். ஒரு காலத்தில் மாவட்ட அணிக்கு வாலிபோல் ஆடியவர். ஒரு முழங்கால் போய்விட்டதால் படி ஏறும்போது பக்கவாட்டில் சாய்ந்து ஏறுவார். சட்டைப் பையில் பேனா இருக்காது, அளவு நாடா இருக்கும். வலை கட்டினால் அதை அளக்காமல் ஆட விடமாட்டார். நேற்றுக் கட்டிய அதே ஆணியில் இன்று கட்டினாலும் அளப்பார். நடுவில் ஒன்று, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று. ஆட்டக்காரர்கள் இடுப்பில் கை வைத்துக் காத்திருப்பார்கள்.

“சேர், நேத்தைக்கு அப்புறம் மரம் வளந்திருக்காதுங்க.”

“மரம் வளராது. கயிறு தொய்யும். பொறுங்க.”

யாரையும் பாராட்ட மாட்டார். யாரிடமும் பீடியை விடு என்று அவர் சொன்னதை நான் கேட்டதே இல்லை. தப்பு நடந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு பெரிய தப்பு.

அவர்தான் நேரத்தைக் கண்டுபிடித்தார். ரப்பர் தோட்டத்தில் வேலை நடக்கும் விதம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விடிகிற நேரத்தில் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்துக் கொடுப்பது. உடனே மரத்துக்குப் போய் ஒவ்வொரு மரமாகப் பட்டையைச் சீவி, சிரட்டையைப் பொருத்திக்கொண்டே போக வேண்டும். எல்லா மரமும் வெட்டி முடிந்த பிறகு, பால் வடிந்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகுதான் வாளியோடு போய்ச் சேர்க்கலாம். அந்த இடைவெளி ஒன்றரை, இரண்டு மணி நேரம். வீட்டுக்குப் போய் வர முடியாது. வேறு வேலையும் இல்லை. ஆண்கள் மரத்தடியில் உட்கார்ந்து பீடி குடிப்பார்கள். ஒருவர் பற்ற வைத்தால் அந்த நெருப்பிலேயே நாலு பேர் பற்ற வைப்பார்கள். என் அப்பாவும் அப்படித்தான் பழகினார். பால் வடிகிற நேரமும் பீடியும் ஒன்றாகவே போய்விட்டது.

சேர் தோட்டத்து மேலாளரான துரையிடம் போய்ப் பேசினார். வேலை நேரத்தில் விளையாட்டா என்று துரை கேட்டார். அதற்குச் சேர் சொன்ன பதில் எனக்கு இன்னும் மனப்பாடம்.

“அது உங்கட நேரமும் இல்ல, அவங்கட நேரமும் இல்ல. மரத்திட நேரம். அதைத்தான் கேக்கிறோம்.”

துரை சிரித்துவிட்டு அனுமதி கொடுத்தார். பால் நிறுக்கும் இடத்துக்கு மேலே, மரம் பட்டுப்போய்க் கிடந்த ஒரு துண்டு நிலத்தைச் சமப்படுத்தினோம். சமம் என்றால் ஓரளவுக்குச் சமம். பந்து ஒரு பக்கமாகப் போனால் ஓடைவரைக்கும் உருளும். அதனால் அந்தப் பக்கம் தோற்றுக்கொண்டிருக்கிற அணிதான் நிற்க வேண்டும் என்று அவர்களே ஒரு சட்டம் போட்டார்கள்.

நாங்கள் போட்ட சட்டம் ஒன்றுதான். கோட்டுக்குள், அதாவது ஆடுகளத்துக்குள், வருமுன் பீடிக்கட்டை வேலியில் தொங்கும் துணிப்பையில் போட வேண்டும். ஆட்டம் முடிந்தால் எடுத்துக்கொள்ளலாம். விடச் சொல்லவில்லை, எடுக்காதே என்றும் சொல்லவில்லை. ஆனால் மூன்று செட் ஆடிவிட்டு வருகிறவனுக்கு மூச்சு வாங்கும். பீடி வேண்டியிருக்காது, தண்ணீர்தான் வேண்டும். பிறகு பால் சேர்க்க ஓட வேண்டும். பையை மறந்துவிட்டுப் போகிறவர்கள் வந்தார்கள். வாரக் கடைசியில் அந்தப் பை கனத்துக் கிடக்கும்.

தியாகு அண்ணனை நான் முதலில் கவனித்தது அங்கேதான். தியாகராஜா என்பது முழுப்பெயர். அப்போது முப்பத்துநாலு வயது. வலைக்கு மேலே எழும்பி அடிப்பதில் அந்தத் தோட்டத்திலேயே அவரை மிஞ்ச ஆள் இல்லை, முதல் இரண்டு செட்டில். மூன்றாவது செட்டில் அவரால் எழும்ப முடியாது. எதிர் அணியினர் அதைத் தெரிந்துகொண்டு மூன்றாவது செட்டுக்காகவே காத்திருப்பார்கள்.

“தியாகு அண்ணே, பெட்ரோல் முடிஞ்சிருச்சா? ஒரு பீடி ஊத்தவா?”

ஒரு நாள் ஆட்டம் முடிந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“மூணாவது செட்டுல காலு தரைய விட்டு வர மாட்டேங்குது மிஸ். இந்தக் கழுதைய விட்டா வருமா?”

வரும் என்றேன். எவ்வளவு நாளில் என்று கேட்டார். அவர் மனைவி லெட்சுமி அக்கா சொல்லித்தான் மற்றக் காரணம் எனக்குத் தெரிந்தது. அவர்களுடைய மகளுக்கு நாலு வயது, மூச்சு இழுப்பு. லயத்தில் ஒரே அறை, ஒரே ஜன்னல். மழை நாளில் அதுவும் மூடியிருக்கும். பிள்ளையின் தலையில் கை வைத்து, இனி பீடியைத் தொடமாட்டேன் என்று தியாகு அண்ணன் சத்தியம் செய்திருந்தார்.

எங்களிடம் ஒரு கருவி இருந்தது. உள்ளங்கை அளவு. ஊதினால் மூச்சில் புகை நச்சு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும். குறைவென்றால் பச்சை, கொஞ்சம் இருந்தால் மஞ்சள், கூடினால் சிவப்பு. அதைப் பிடிக்கும் முறையை நஸீர் சேர் எனக்குப் பத்துத் தடவையாவது சொல்லிக் கொடுத்திருப்பார். முதலில் கேள்வி: கடைசியாக எப்போது குடித்தீர்கள்? என்ன பதில் சொன்னாலும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் அப்படியே எழுத வேண்டும். பிறகு புதுக் குழாய் மாட்ட வேண்டும். மூச்சை முழுதாக இழுத்துப் பதினைந்து எண்ணும்வரை பிடித்து, பலூன் ஊதுவது போல் ஊதாமல், கொதிக்கிற தேத்தண்ணியை ஆற்றுவது போல மெதுவாகக் கடைசி மூச்சுவரை விட வேண்டும். வருகிற நிறத்தை ஊதியவருக்கு மட்டும் காட்ட வேண்டும். அவர் விரும்பினால் அவர் மற்றவர்களுக்குக் காட்டட்டும். நாம் காட்டக் கூடாது.

தியாகு அண்ணன் முதல் தடவை ஊதியபோது சிவப்பு. அடுத்த வாரம் மஞ்சள். மூன்றாவது வாரம் பச்சை. அந்தப் பச்சையைக் கோட்டைச் சுற்றி நின்ற ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்க் காட்டினார், என் அப்பா பரீட்சைத் தாளைக் காட்டிய மாதிரி. அதற்குப் பிறகு நான்கு மாதம் பச்சைதான். மூன்றாவது செட்டிலும் எழும்பினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து ஊதினார்கள்.

அப்போதுதான் தோட்டத்தின் பிரிவுகளான டிவிஷன்களுக்கு இடையே போட்டி வைத்தோம். அதற்கு நான் ஒரு விதி சேர்த்தேன். அணியில் ஆடும் ஆறு பேரும் போட்டிக்கு முன் ஊத வேண்டும், சிவப்பு வந்தால் ஆட முடியாது. நஸீர் சேருக்கும் அந்த யோசனை பிடித்துத்தான் இருந்தது. எனக்கோ மிகவும் பிடித்திருந்தது. அந்தக் கருவியோடு வந்த ஆங்கிலக் கையேட்டைப் படித்தவள் அந்த மலையிலேயே நான் ஒருத்திதான். அதை எல்லாரும் அறிந்திருந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆறு பேரும் ஊதவேண்டிய நாளையும் சேர்த்து மூன்று நாள் விடாத மழை. மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. மூன்றாம் நாள் சாயந்திரம்தான் வெறித்தது. எல்லாரும் கோட்டுக்கு வந்தார்கள். பெண்களும் வந்து ஓரமாக நின்றார்கள். அவர்களுக்கும் ஓர் அணி இருந்தது, லெட்சுமி அக்கா அதில் ஆடுவார். ஐந்து பேர் ஊதினார்கள். மூன்று பச்சை, இரண்டு மஞ்சள். கடைசியாகத் தியாகு அண்ணன்.

“கடைசியா எப்ப குடிச்சீங்க அண்ணே?”

“நாலு மாசம் ஆச்சு மிஸ். நீங்கதானே எழுதி வச்சிருக்கீங்க.”

ஊதினார். சிவப்பு.

குழாயை மாற்றி இன்னொரு தடவை ஊதச் சொன்னேன். மறுபடியும் சிவப்பு.

“என்ன மிஸ், பச்சையா?” என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

அந்த இடத்தில் நான் செய்ய வேண்டியது என்ன என்பது எனக்குத் தெரியும். கருவியை அவருக்கு மட்டும் காட்டிவிட்டு, தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்க வேண்டும். ஆனால் நாலு மாதமாக என்னை ஏமாற்றியிருக்கிறாரா என்று எனக்குக் கோபம் வந்தது.

“சிவப்பு” என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. “தியாகு அண்ணன் இந்தப் போட்டியில இல்ல.”

“நா குடிக்கல மிஸ்.”

“மெஷின் அப்படிச் சொல்லலியே அண்ணே.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. கோட்டுக்கு வெளியே பார்த்தார். லெட்சுமி அக்கா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

“புள்ள தலையில கைய வச்சியே” என்றார். சத்தமே இல்லாமல்தான் சொன்னார். எல்லாருக்கும் கேட்டது.

பஸ் தரிப்பிடத்தில் நின்று நஸீர் சேருக்குப் போன் எடுத்தேன்.

“மெஷின் பொய் சொல்லாது தங்கச்சி” என்றார். “நீங்க செஞ்சது சரி.” பிறகு கேட்டார். “எல்லாருக்கும் முன்னாலயா சொன்னீங்க?”

“ஆமா சேர்.”

கண்ணாடியைத் துடைக்கிறார் என்று போனிலேயே தெரிந்தது.

மறுநாளே லெட்சுமி அக்கா மகளையும் இரண்டு தலையணைகளையும் எடுத்துக்கொண்டு தன் அக்காவின் அறைக்குப் போய்விட்டார். அதே லயத்தில் மூன்று கதவு தள்ளி. தூரமாகப் போயிருந்தால்கூட ஊருக்கு ஏதாவது காரணம் சொல்லிச் சமாளிக்கலாம். மூன்று கதவு தள்ளிப் போனால் தண்ணீர்க் குழாய்க்கு வருகிற எல்லாருக்கும் தெரியும்.

தியாகு அண்ணன் கோட்டுப் பக்கம் வரவில்லை. நான் வரும் பாதையில், வெட்டிய மரத்தடியில் உட்கார்ந்து பீடி குடித்தார். என்னைக் கண்டதும் அணைக்கவும் இல்லை, எழும்பவும் இல்லை.

“இப்ப ஊதச் சொல்லுங்க மிஸ்” என்றார். “இப்ப மெஷினும் நானும் ஒண்ணு.”

நான் கோட்டுக்கு நடந்தேன். பொய் சொன்னவருக்குக் கோபம் வரத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். போட்டியில் எங்கள் அணி முதல் ஆட்டத்திலேயே தோற்றது.

ஒன்பதாம் நாள், பெண்கள் அணி ஆடி முடித்து உட்கார்ந்திருந்தபோது மாரியம்மா அக்கா வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஆட மாட்டார், ஆனால் எல்லா ஆட்டத்துக்கும் வந்து நின்று கேலி செய்வார்.

“எல்லாத்துக்கும் ஊதக் குடுக்குறீங்க. நா என்ன பாவம் செஞ்சேன்? எனக்கும் ஒரு தடவ குடுங்க மிஸ்.”

சிரித்துக்கொண்டே கொடுத்தேன். முறைப்படி கேள்வியும் கேட்டேன்.

“கடைசியா எப்பக்கா குடிச்சீங்க?”

“போன சென்மத்துல.”

பதினைந்து எண்ணி ஊதினார். சிவப்பு.

பக்கத்தில் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டார்கள். ஒரே சிரிப்பு.

“அக்கா கள்ளத்தனமா பீடி குடிக்குது.”

“அதான் சீலை மடியில நெருப்புப் பெட்டி வச்சிருக்கா.”

“அடி போங்கடி. அது அடுப்புக்கு. காலையில இருந்து ஸ்மோக் ஹவுஸ்ல நின்னுட்டு வாறேன், எனக்குத் தனியா பீடி வேற வேணுமா?”

நான் சிரிக்கவில்லை. ரப்பர் பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, பிறகு விறகுப் புகையில் நாட்கணக்காகத் தொங்கப்போட்டு உலர்த்துவார்கள். அந்தக் கட்டடம்தான் புகைக்கூடம். மாரியம்மா அக்காவுக்கு அங்கேதான் வேலை. தகடுகளைத் திருப்பிப் போடுவது, விறகு தள்ளுவது.

“அக்கா, மழை பெஞ்ச மூணு நாளும் அங்க யார் யார் வேலை செஞ்சா?”

“நானும் தியாகுவும். விறகு தள்ற ஆளுக்குக் காய்ச்ச. மழையில பால் வெட்டு இல்லன்னு தியாகுவ அனுப்புனாங்க. ஈர விறகு, ஒரே புகை. பாவம், இருமி இருமிச் செத்தான்.”

நான் தங்கியிருந்த அறைக்கு வந்து அந்தக் கையேட்டை எடுத்தேன். கருவியைப் பிடிப்பது எப்படி, சுத்தம் செய்வது எப்படி என்ற பக்கங்களில் எல்லாம் நான் பென்சிலால் கோடு போட்டிருந்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு கோடும் இல்லை. விறகுப் புகை, வாகனப் புகை, மூடிய இடத்தில் எரியும் அடுப்பு இவற்றாலும் அளவு கூடலாம் என்று அங்கே சின்ன எழுத்தில் இருந்தது. அந்தக் கையேட்டைப் படித்த ஒரே ஆள் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அந்தப் புகை மணத்தோடு வளர்ந்தவளுக்கு அது ஒரு புகை என்று தோன்றவும் இல்லை.

நஸீர் சேரிடம் சொன்னேன்.

“அது எனக்கும் தெரியாம ஈந்திச்சி” என்றார். “சரி என்டு சொன்னது நான். நாளைக்கு வாறேன்.”

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்தார். நான் என்ன செய்யப் போகிறேன் என்று சொன்னேன். தடுக்கவில்லை. முதலில் புகைக்கூடத்து வாசலில் நின்று நான் ஊதினேன். பச்சை. உள்ளே போனேன். மூங்கில் கழிகளில் வரிசை வரிசையாக ரப்பர் தகடுகள், வேட்டி காயப்போட்ட மாதிரி. கண்ணைத் திறக்க முடியவில்லை. மாரியம்மா அக்கா சொல்லச் சொல்லத் தகடுகளைத் திருப்பினேன், விறகு தள்ளினேன். மத்தியானம் வெளியே வந்து ஊதினேன். மஞ்சள்.

“இதுக்கே மூக்க உறிஞ்சுறீங்க” என்றார் மாரியம்மா அக்கா. “இன்னும் ரெண்டு மணி நேரம் நில்லுங்க மிஸ். செவப்பு எங்க போயிரும்?”

நின்றேன். சேர் வாசலில் பலகையில் உட்கார்ந்து மணி பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் மூன்று தடவை வெளியே வரச் சொல்லித் தண்ணீர் குடிக்க வைத்தார்.

அங்கிருந்து நேராகக் கோட்டுக்குப் போனேன். முகம் கழுவவில்லை. சாயந்திரம் எல்லாரையும் வரச் சொல்லியிருந்தோம். தியாகு அண்ணனைக் கூப்பிட நஸீர் சேரே சாய்ந்து சாய்ந்து லயத்துக்கு ஏறினார். அந்த முழங்காலோடு ஒருவர் படியேறி வந்து நின்றால் எப்படி வரமாட்டேன் என்பது? வந்தார். கையைக் கட்டிக்கொண்டு ஓரத்தில் நின்றார். லெட்சுமி அக்காவும் பெண்களோடு நின்றார்.

கருவியை எடுத்துத் தியாகு அண்ணன் கையில் கொடுத்தேன்.

“எனக்குப் பாருங்க அண்ணே. நான் உங்களுக்குப் பார்த்த மாதிரியே.”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னையும் என் சிவந்த கண்ணையும் பார்த்தார். பிறகு, நாலு மாதம் வாராவாரம் ஊதியவர் அல்லவா, முறை அவருக்குத் தெரிந்திருந்தது. புதுக் குழாயை மாட்டினார்.

“கடைசியா எப்ப குடிச்சீங்க மிஸ்?”

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“நான் குடிச்சதே இல்ல அண்ணே.”

பதினைந்து எண்ணினார், நிதானமாக. ஊதினேன். அவர் திரையைப் பார்த்தார். அப்படியே அசையாமல் நின்றார். என்னிடம் வந்த புகை மணம் அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். புகைக்கூடம் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“என்ன தியாகு? என்ன நெறம்?” என்று எல்லாரும் கேட்டார்கள்.

அவர் உள்ளங்கையால் திரையை மூடினார். எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி கையைச் சற்று விலக்கினார்.

“இத மத்தவங்களுக்குக் காட்டக் கூடாதுல்ல மிஸ்?”

அவர் கையிலிருந்து கருவியை வாங்கி, நானே ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்க் காட்டினேன். லெட்சுமி அக்காவிடமும் காட்டினேன். சிவப்பு. காலையிலிருந்து எங்கே நின்றேன் என்று சொன்னேன். மாரியம்மா அக்கா சாட்சி சொன்னார். கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் படித்துத் தமிழில் சொன்னேன், அதை முன்பே படிக்காதவள் நான் என்பதையும் சொன்னேன்.

“அன்னைக்கு நீங்க சொன்னது உண்மை அண்ணே. மன்னிச்சிருங்க.”

“ஸ்மோக் ஹவுஸ்ல நின்னேன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தியாகு” என்றார் நஸீர் சேர்.

“அது வேலைங்க சேர்” என்றார். “புகையான்னு எனக்கு எப்படித் தெரியும்? கேட்டது பீடிதானே.”

நஸீர் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று துடைத்தது மாதிரி வேறு எந்த நாளும் துடைத்ததில்லை.

அங்கேயே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். லெட்சுமி அக்கா முன்னால் வந்தார்.

“அன்னைக்கு நான் நம்பல. அது என் தப்பு” என்றார். “அதுக்குப் பொறகு ஒம்போது நாளா மரத்தடியில குடிச்சது யாரு? மெஷினா?”

லெட்சுமி அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதே மூன்று கதவு தள்ளிய அறைக்குத்தான் போனார்.

இரண்டாம் தடவை விடுவது முதல் தடவையைவிடக் கஷ்டம். அதை அவரோடு இருந்து பார்த்தேன். பால் வடிகிற நேரம் முழுக்கக் கோட்டில் நிற்பார். ஆட ஆள் இல்லாவிட்டால் தனியாகப் பந்தை மரத்தில் அடித்துக்கொண்டிருப்பார். நடுவில் இரண்டு தடவை தவறினார். இரண்டு தடவையும் அவரே வந்து, நான் கேட்கும் முன், எப்போது குடித்தார் என்று சொல்லி எழுதச் சொன்னார். வாராவாரம் போதாது, தினமும் ஊத வேண்டும் என்றார். குழாய் போதாமல் போய்விடும் என்று நான் சொன்னதற்கு, “அப்ப மாரியம்மா அக்காவுக்குக் குடுக்கிறத நிப்பாட்டுங்க” என்றார். அந்த வாரம்தான் அவர் மறுபடியும் கேலி பேசத் தொடங்கினார்.

பச்சை வந்தது. ஒரு வாரம் தொடர்ந்து வந்தது. எட்டாம் நாள் காலையில் நான் லயத்துப் பாதையில் ஏறும்போது லெட்சுமி அக்கா இரண்டு தலையணைகளோடு எதிரே வந்தார். மூன்று கதவு தூரம்.

“என்னக்கா, வீடு மாறுறீங்களா?”

“அங்க என் அக்கா குறட்டை விடுறா மிஸ். தூங்க முடியல” என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார்.

புகைக்கூடத்தைப் பற்றிய கேள்வியை அந்தத் தோட்டத்துப் படிவத்தில் சேர்க்க வேண்டும் என்று நஸீர் சேர் மேலே எழுதினார். எழுதிய கடிதத்தில், பிழை தன்னுடையது என்று முதல் வரியில் போட்டிருந்தார். நான் என் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார். எல்லாருக்கும் முன்னால் சொல்வதில்லை, சிவப்பு வந்தவரை நிறுத்துவதில்லை என்றும் முடிவு செய்தோம். சிவப்பு வந்தவர்தான் அதிகம் ஆட வேண்டியவர். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒன்பது நாள் தேவைப்பட்டது. கவிதா, நீ புரிந்துகொள்ள அவ்வளவு நாள் எடுக்காதே.

புகைக்கூடத்துக்கும் அதனால் ஒரு நன்மை. மாரியம்மா அக்காவின் சிவப்பைக் காட்டித் துரையிடம் கேட்டோம். இப்போது மேலே இரண்டு புது ஜன்னல் வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரே ஆளை நாள் முழுக்க நிற்க விடுவதில்லை. மாரியம்மா அக்கா இப்போது ஊதினால் மஞ்சள்தான் வருகிறது. தனக்கு மரியாதை குறைந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

போன மாதம் கடைசியாக அந்தத் தோட்டத்துக்குப் போனேன். பால் வடிகிற நேரம். இரண்டு அணி இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தது. வேலியில் துணிப்பை தொங்கியது. கிட்டப்போய்த் தூக்கிப் பார்த்தேன், கனமே இல்லை. கொண்டு வருகிறவர்களே குறைந்துவிட்டார்கள். வலையை நஸீர் சேரின் பழைய நாடாவால் தியாகு அண்ணன் அளந்துகொண்டிருந்தார். சேர் ஓய்வு பெற்றபோது அதை அவருக்குத்தான் கொடுத்தார். அந்தத் தோட்டத்துக்கென்று இருக்கும் கருவியைப் பிடிக்கும் பொறுப்பும் இப்போது அவருடையது. மகள் இப்போது பெரிய பிள்ளை. பாடசாலை இல்லாத நாளில் கோட்டில் ஓடி விளையாடுகிறாள். இழுப்பு வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

போய்வருகிறேன் என்று சொன்னேன்.

“ஊதாம போக முடியாது மிஸ்” என்றார். “இங்க சட்டம்.”

புதுக் குழாயை மாட்டினார். படிவத்தை மடியில் விரித்து வைத்தார். முதல் கேள்வி பெயர். எழுதினார்.

“கடைசியா எப்ப குடிச்சீங்க மிஸ்?”

“அன்னைக்கு, ஸ்மோக் ஹவுஸ்ல. நீங்கதானே பார்த்தீங்க?”

முகத்தில் ஒன்றும் காட்டாமல் அதை அப்படியே எழுதினார். அடுத்து மூன்றாவது கேள்வியைக் கேட்டார். இல்லை என்றேன். பதினைந்து எண்ணினார். ஊதினேன்.

அவர் உள்ளங்கையால் மூடி, எனக்கு மட்டும் காட்டினார்.

பச்சை. அதைக் கோட்டைச் சுற்றி எல்லாருக்கும் காட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.